கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே சொன்ன கதை

இரண்டு வருடங்களுக்கு முன்பு, பல்கலைக்கழகத்தின் நீண்ட விடுமுறையில், மலேசியாவில் பாடாங் செராய் என்ற ஊரில் நடந்தது இது. அப்போது நான் இரண்டாம் ஆண்டு கணக்கியல் மாணவி. என்ன செய்கிறாய் என்று யாராவது கேட்டால் மனதுக்குள் ‘அறிவியல் புனைகதை எழுதுகிறேன்’ என்று பதில் வரும். வாயில் ‘அக்கவுண்டிங்’ என்று வரும்.

அப்பாவுக்கு இரண்டு சிறுநீரகங்களும் கெட்டுப்போய் ஒரு வருடம் ஆகியிருந்தது. தோட்டத்தில் டிராக்டர் ஓட்டியவர், கால் வீக்கம் வந்து வேலையை விட்டிருந்தார். வாரத்தில் மூன்று காலைகள் அவருக்கு டயாலிசிஸ். அம்மா கையுறைத் தொழிற்சாலையில் காலை ஷிஃப்ட் பார்த்தார். அதனால் விடுமுறை முழுவதும் அப்பாவைக் காரில் கூட்டிப்போய்க் கூட்டிவருவது என் வேலையாக இருந்தது.

அந்த மையம் ஒரு கடைவீட்டு வரிசையில், கீழ்த்தளத்தில் இருந்தது. முன்பக்கம் காத்திருக்கும் அறை. அதற்கும் உள்ளே இருக்கும் சிகிச்சைக் கூடத்துக்கும் நடுவில் ஒரு கண்ணாடிக் கதவு. கூடத்தில் சாய்வு நாற்காலிகள் இரண்டு வரிசையாக இருக்கும், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஓர் இயந்திரம். உடம்பிலிருந்து ஒரு குழாய் வழியாக ரத்தம் வெளியே போய், இயந்திரத்தில் சுத்தமாகி, இன்னொரு குழாய் வழியாக உடம்புக்குத் திரும்பும். ஏறக்குறைய நான்கு மணி நேரம் இப்படிச் சுற்றிக்கொண்டே இருக்கும். நோயாளிகளுக்குத் துணையாக வந்தவர்கள் கதவுக்கு வெளியிலேயே உட்கார வேண்டும்.

எனக்கு அது வசதியாகத்தான் இருந்தது. அறிவியல் புனைகதையின் முன்னோடிகள் எல்லோரையும் படித்து முடித்த பிறகே எழுதுவது என்று எனக்கு நானே ஒரு விதி வைத்திருந்தேன். பட்டர்வொர்த்தில் ஒரு பழைய புத்தகக் கடையில் வாங்கியவை, ஓரம் பழுத்துப்போன ஆங்கிலப் புத்தகங்கள். புரியாத சொற்களைக் கைப்பேசியில் தேடிக்கொண்டே படிப்பேன். எல்லாக் கதைகளிலும் ஏதாவது ஒன்று பழுதாகும், அதை யாராவது ஒருவர் தனியாக எதிர்கொள்வார். என் விதியை மீறி நானும் அப்படித்தான் எழுத முயன்றேன். எங்கள் பல்கலைக்கழகத் தமிழ்க் கழகத்தின் சிறுகதைப் போட்டிக்கு ஒரு விண்கலக் கதை பாதியில் நின்றிருந்தது. முந்நூறு பேர் கண்ணாடிப் பெட்டிகளில் பல ஆண்டுத் தூக்கத்தில் இருக்கிறார்கள். விழித்திருப்பவர் தலைவர் ஒருவர் மட்டும், அவருக்கு வெளிநாட்டுப் பெயர் வைத்திருந்தேன். கலத்தில் மின்சாரம் நின்றுவிடுகிறது. அந்த இடத்தை எத்தனையோ முறை எழுதிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் தலைவர் ஜன்னலுக்குப் போய் நட்சத்திரங்களைப் பார்த்து மனித குலத்தைப் பற்றி ஒரு பத்தி யோசிப்பார். அதற்கு மேல் கதை நகரவில்லை.

அப்பாவுக்குப் பக்கத்து நாற்காலியில் ஓர் ஆன்டி வருவார். பள்ளிப் பிள்ளைகளை ஏற்றும் வேன் ஓட்டுபவர். வயது நாற்பத்தைந்து இருக்கலாம். விடியற்காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு நேராக இங்கே வருவார், சிகிச்சை முடிந்ததும் பள்ளி விடும் நேரத்துக்குத் திரும்ப வேன் எடுப்பார். ஒருநாள் உள்ளே போகும்போது என் புத்தகத்தின் அட்டையைப் பார்த்து நின்றார்.

“என்னா புக்கு பாப்பா, பேய்க் கதையா?”

“இல்ல ஆன்டி. விண்வெளிக் கதை. வேற கிரகத்துல குடியேறப் போறாங்க.”

“இங்கயே வீடு கெடைக்க மாட்டுது” என்று சொல்லிவிட்டு, எடை பார்க்கப் போய்விட்டார். அதற்குப் பிறகு என்னைப் பார்க்கும்போதெல்லாம், போய்ச் சேர்ந்துவிட்டார்களா என்று மட்டும் கேட்பார்.

அந்தக் காலை வெளியே சாலையோரத்தில் தண்ணீர்க் குழாய்க்காகப் பள்ளம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். சத்தம் தாங்காமல் நான் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு படித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று ஏர்கோன் நின்றது. விளக்குகள் அணைந்தன. தோண்டும் இயந்திரம் பூமிக்கடியில் மின்கம்பியை அறுத்துவிட்டது என்பது பிறகுதான் தெரிந்தது.

காத்திருக்கும் அறையில் யாரும் பதற்றப்படவில்லை. கரண்டு போனால் பின்பக்கம் ஜெனரேட்டர் ஓடும், எல்லோருக்கும் தெரியும். ஓடவும் செய்தது. கொஞ்ச நேரம் ஓடிவிட்டு, இருமி நின்றுபோனது. மறுபடி யாரோ கிளப்பும் சத்தம் கேட்டது. மறுபடி நின்றது. அதற்குள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எல்லா இயந்திரங்களும் ஒன்றாகக் கத்த ஆரம்பித்திருந்தன.

கதவைத் திறந்துகொண்டு தலைமைத் தாதி வந்தார். மலாய்க்காரர், எல்லோரும் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம். காத்திருந்த எங்களை ஒருமுறை பார்த்தார். ரத்தத்தைப் பார்த்தால் மயங்கி விழாதவர்கள் கையைக் கழுவிக்கொண்டு உள்ளே வாருங்கள் என்று மலாயில் சொன்னார். குரலை உயர்த்தவே இல்லை. தாயாருக்காகக் காத்திருந்த ஓர் இளைஞரும் நானும் எழுந்தோம்.

நான் நேராக அப்பாவிடம் ஓடினேன். மிஸ்ஸி என் மணிக்கட்டைப் பிடித்துப் பக்கத்து நாற்காலிக்கு இழுத்தார். அப்பாவின் இயந்திரத்தில் பேட்டரி வேலை செய்தது, அங்கே ஒரு சின்னத் தாதி நின்றிருந்தார். வேன் ஓட்டும் ஆன்டியின் இயந்திரம் பழையது. திரை கறுத்துக் கிடந்தது. ரத்தம் நிறைந்த இரண்டு குழாய்களும் அசையாமல் இருந்தன.

அப்படி நின்ற ரத்தம் சற்று நேரத்தில் உறைந்துவிடும், உறைந்தால் அதை உடம்புக்குத் திருப்பித் தர முடியாது என்று மிஸ்ஸி வேலை செய்துகொண்டே விளக்கினார். ஒரு குழாயைக் கவ்வி போட்டு அடைத்தார். உப்புநீர்ப் பையைப் பொருத்தினார். இயந்திரத்தின் பின்னாலிருந்து ஒரு சின்னக் கைப்பிடியை எடுத்து, ரத்தத்தைத் தள்ளும் சக்கரத்தின் நடுவில் செருகினார். என் கையை அதன்மேல் வைத்து அம்புக்குறி காட்டும் திசையில் சுற்றிக் காட்டினார். குழாயின் நடுவில் சின்னக் குப்பி மாதிரி ஒன்று இருந்தது. அதில் ரத்தத்தின் மட்டம் இறங்கினால் உடனே நிறுத்திவிட்டுக் கூப்பிட வேண்டும். காற்று உடம்புக்குள் போகக் கூடாது.

“சுத்து, சுத்து” என்றார் தமிழில். பிறகு “பெலான்-பெலான்” என்று உள்ளங்கையைத் தாழ்த்திக் காட்டினார், மெதுவாக என்பதற்கு. அடுத்த நாற்காலிக்குப் போய்விட்டார்.

சுற்ற ஆரம்பித்தேன். குழாயில் ரத்தம் அசைந்தது. நான் கழுத்தைத் திருப்பி அப்பாவைப் பார்த்தேன்.

“என்னைப் பாக்காத. அங்க பாரு” என்றார் அப்பா.

ஆன்டி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். “நீ டாக்டருக்கா பாப்பா படிக்கிற?”

“இல்ல ஆன்டி. அக்கவுண்டிங்.”

ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தார். “சரி. சுத்து.”

அவருடைய கவலை வேறு இடத்தில் இருந்தது. ஊசி குத்தாத கையால் கைப்பேசியை எடுத்து இன்னொரு வேன்காரரைக் கூப்பிட்டார். “அண்ணே, இன்னைக்கி எம் பிள்ளைங்களையும் சேத்து ஏத்திக்கிங்க. இல்லண்ணே, ஒடம்புக்கு ஒண்ணும் இல்ல. டயர் பஞ்சர்.” வைத்துவிட்டு என்னிடம், “ரத்தம் வெளிய நிக்குதுன்னு சொன்னா அந்தாளு பயந்துபோயி வேனக் கொண்டுபோயி லோங்காங்ல எறக்கிருவாரு” என்றார். வேன் சாலையோரச் சாக்கடையில் கிடப்பதை நினைத்து அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

அதற்குப் பிறகுதான் அவர் முகம் மாறியது. நெற்றி வேர்த்தது. கண் என்மேல் நிற்காமல் நழுவியது. நான் கூப்பிட்டதும் மிஸ்ஸி ஓடிவந்து நாற்காலியைப் பின்னால் சாய்த்துக் கால்களை உயர்த்தினார். பிரஷர் இறங்குகிறது, தூங்க விடாதே, பேச்சுக் கொடுத்துக்கொண்டே இரு என்றார். இரண்டு நாற்காலி தள்ளி யாரோ அவரைக் கூப்பிட்டார்கள்.

இத்தனை புத்தகம் படித்திருந்தும், “ஆன்டி, ஆன்டி” என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர்தான், கண்ணை மூடியபடியே, “அந்த ஆகாசக் கப்பலச் சொல்லு. போய்ச் சேந்துட்டாங்களா?” என்றார்.

நான் என் கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். தலைவரின் வெளிநாட்டுப் பெயர் நாக்கில் வரவே இல்லை.

“ஒரு கப்பல் ஆன்டி. உள்ள முந்நூறு பேரு பெட்டிக்குள்ள தூங்குறாங்க. ஒரு அக்கா மட்டும் முழிச்சிருக்காங்க.”

“பிள்ளைங்க எத்தன பேரு?”

நான் பிள்ளைகளைப் பற்றி யோசித்ததே இல்லை. “நாப்பது.”

“யாரு எழுப்புவா அதுங்கள?”

“மெஷின் எழுப்பும். ஆனா கரண்டு போயிருச்சு. இப்ப அந்த அக்கா ஒவ்வொரு பெட்டியா கையால சுத்தித் தொறக்கணும்.”

அது என் கதையில் கிடையாது. கை சுற்றிக்கொண்டிருந்ததால் வாயில் வந்திருக்க வேண்டும்.

“ஒத்த ஆளா?”

“ஆமா ஆன்டி.”

“எந்தப் பெட்டிய மொதல்ல தொறப்பா?”

பதில் சொல்வதற்குள் குப்பியில் மட்டம் இறங்குவதைப் பார்த்தேன். கையை எடுத்துவிட்டு மிஸ்ஸியைக் கூப்பிட்டேன். அவர் கூடத்தின் மறுகோடியில், ஒரு சீனத் தாத்தாவின் பக்கத்தில் குனிந்திருந்தார். வருகிறேன் என்று கையை மட்டும் காட்டினார். குழாயில் ரத்தம் மறுபடி நின்றது. சுற்றினால் காற்று போய்விடும். சுற்றாவிட்டால் உறைந்துவிடும். இதைத்தான் நான் என் கதையில் ‘நிலைமை நெருக்கடியானது’ என்று ஒரே வரியில் எழுதியிருந்தேன்.

“ஏன் நிறுத்திட்ட?” ஆன்டி கண்ணைத் திறந்திருந்தார்.

“மிஸ்ஸி வர்றாங்க ஆன்டி.”

“ம்.” பிறகு, “எந்தப் பெட்டின்னு கேட்டேன்ல” என்றார்.

“பக்கத்துல இருக்கற பெட்டி.”

“சொந்தக்காரங்க யாரும் இல்லியா அந்தப் புள்ளைக்கி?”

“அவங்க அப்பாவும் அதே கப்பல்லதான் இருக்காரு. ஆனா அவரு பெட்டியில பேட்டரி ஓடுது.”

பக்கத்து நாற்காலியிலிருந்து அப்பாவின் குரல் கேட்டது. “அந்தாளு இருப்பாரு. நீ மேல சொல்லு.”

மிஸ்ஸி வந்தார். குப்பியை விரலால் சுண்டிப் பார்த்தார். ஒரு சிரிஞ்சால் அதிலிருந்த காற்றை உறிஞ்சி எடுத்தார். மட்டம் ஏறியது. தலையை மட்டும் அசைத்துவிட்டுப் போனார். நான் மறுபடி சுற்றினேன். கதையையும் தொடர்ந்தேன். திறந்த பெட்டியிலிருந்து எழுந்தவர் அடுத்த பெட்டியைத் திறக்க உதவுகிறார், இரண்டு பேர் நான்கு பேராகிறார்கள் என்று ஏதோ சொன்னேன். நடுநடுவே ஆன்டி, ‘ம்’ என்றார். ‘ம்’ வரத் தாமதமானால் நான் குரலை உயர்த்துவேன். வேனில் இடம் கேட்டு அழும் பிள்ளையிடம் பேசுவது போல, ‘கேக்குது, கேக்குது’ என்பார்.

உப்புநீர் ரத்தத்தைப் பின்னாலிருந்து தள்ளத் தள்ள, குழாயின் நிறம் வெளுத்தது. முதலில் ரோஸ் சிரப் கலந்த தண்ணீர் மாதிரி. பிறகு வெறும் தண்ணீர் மாதிரி. மிஸ்ஸி வந்து கவ்வியைப் போட்டு, “ஹாபிஸ்” என்றார். முடிந்தது என்று அர்த்தம். அது எனக்குத் தெரியும், ஆனாலும் கையை எடுக்கத் தோன்றவில்லை. அவரே என் விரல்களைப் பிரித்து எடுத்தார்.

கால் மணி நேரமோ அதற்குக் கொஞ்சம் கூடவோ ஆகியிருக்கும். அந்தக் காலை உள்ளே இருந்தவர்களில் சீனத் தாத்தாவுக்கு மட்டும் குழாயில் ரத்தம் உறைந்து, அதைத் திருப்பித் தர முடியாமல் போனது. ஆம்புலன்ஸ் வந்து மருத்துவமனைக்குக் கொண்டுபோய் ரத்தம் ஏற்றினார்கள். அடுத்த வாரம் வழக்கம்போல வந்து, எப்போதும் போல டிவி சத்தத்தைக் கூட்டச் சொன்னார். மின்சாரம் பிற்பகலில்தான் வந்தது. ஜெனரேட்டரைப் பிறகு மாற்றினார்கள்.

எல்லோரையும் இயந்திரங்களிலிருந்து விடுவித்த பிறகு மிஸ்ஸி எங்களுக்கு மைலோ கலந்து தந்தார். டம்ளரை என்னிடம் நீட்டிக்கொண்டே என்ன படிக்கிறாய் என்று கேட்டார். சொன்னேன். சுவரில் சாய்ந்துகொண்டு கொஞ்ச நேரம் சத்தமில்லாமல் சிரித்தார்.

வீட்டுக்குத் திரும்பும்போது அப்பா வழியெல்லாம் செம்பனை மரங்களைப் பார்த்துக்கொண்டே வந்தார். பயந்தாயா என்று கேட்கவில்லை. நல்ல காரியம் செய்தாய் என்றும் சொல்லவில்லை. வீட்டு வாசலில் கார் நின்ற பிறகு, “அப்புறம் அந்தக் கப்பல்ல என்னா ஆச்சு?” என்றார்.

“இன்னும் எழுதலப்பா.”

“எழுது. நாளைக்கி அந்தம்மா கேப்பாங்க.”

பாதியில் விட்ட சிகிச்சைக்கு மறுநாளும் வரச் சொல்லியிருந்தார்கள். அன்று மாலை எழுத உட்கார்ந்தேன். முன்பு எழுதியதில் ஜன்னல், நட்சத்திரம், மனித குலம் எல்லாவற்றையும் அழித்த பிறகு மிகக் கொஞ்சமே மிஞ்சியது. நாற்காலியின் பக்கத்தில் என்னென்ன சொன்னேன் என்று ஞாபகப்படுத்தி, அதை அப்படியே தட்டச்சு செய்தேன். தலைவருக்குப் பெயர் வைக்கவில்லை. அக்கா என்றே விட்டுவிட்டேன்.

மறுநாள் ஆன்டி சிகிச்சை முடிந்து வெளியே வந்து, கையில் பிளாஸ்திரியோடு என் பக்கத்தில் உட்கார்ந்தார். அப்பா எதிர் நாற்காலியில். கைப்பேசியைப் பார்த்துப் படித்துக் காட்டினேன். கடைசிப் பெட்டி திறந்து, நாற்பது பிள்ளைகளும் எழுந்து உட்காருவதோடு கதை முடிந்தது. ஆன்டி பிளாஸ்திரியை அழுத்திக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

“நல்லாத்தான் இருக்கு. ஆனா அத்தன வருசம் தூங்கி எழுந்தவங்களுக்கு ஒரு வாய் தண்ணி குடுக்கலியே நீ.”

அப்பா நிமிர்ந்து பார்த்தார். டயாலிசிஸ் செய்பவர்கள் நினைத்தபடி தண்ணீர் குடிக்க முடியாது. சிறுநீர் பிரியாத உடம்பில் அது தேங்கிவிடும். நாளுக்கு இவ்வளவு என்று அளந்துதான் குடிக்க வேண்டும். எங்கள் வீட்டில் அப்பா ஐஸ்கட்டியை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைத் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

“எவ்வளவு தண்ணி ஆன்டி?”

“வேணும்ங்கற வரைக்கும்.”

“ஜில்லுன்னு” என்றார் அப்பா.

அவர்கள் இரண்டு பேரும் அங்கேயே உட்கார்ந்து அந்தத் தண்ணீரைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். பெரிய மங்குக் குவளையில் தர வேண்டும் என்றார் ஆன்டி. அண்ணாந்து குடிக்கும்போது கழுத்தில் வழிய வேண்டும், யாரும் அளவு பார்க்கக் கூடாது என்றார் அப்பா. நான் தட்டச்சு செய்துகொண்டேன். கதையின் கடைசிப் பத்தி அதுதான். அதில் என் சொந்தச் சொற்கள் அதிகம் இல்லை.

போட்டியில் பரிசு கிடைக்கவில்லை. முந்நூறு பேருக்கு வேண்டிய தண்ணீரை ஒரு விண்கலம் எப்படிச் சுமக்கும் என்று நடுவர் ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான். ஆன்டியிடம் சொன்னேன். “அவருக்குத் தாகம் எடுத்ததில்ல போல” என்று சொல்லிவிட்டு வேன் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். இப்போதும் அவர் வேன் ஓட்டுகிறார். தினமும் காலையில் எனக்குப் பூப்படம் போட்ட வாட்ஸ்அப் வணக்கம் வருகிறது. அது வராத காலைகளில் அப்பாவைக் கைப்பேசியில் கூப்பிட்டு, பக்கத்து நாற்காலிக்கு ஆள் வந்தாரா என்று விசாரிப்பேன்.

இந்தச் சம்பவத்தைக் கேட்பவர்கள், கை வலிக்கவில்லையா என்று கேட்கிறார்கள். வலிக்கவில்லை. அந்தக் கைப்பிடி மிகவும் லேசாக இருந்தது, ஆரம்பப் பள்ளியில் ஆசிரியர் மேசையில் பென்சில் சீவ ஒரு சின்ன இயந்திரம் இருக்குமே, அதைச் சுற்றுவது போல. ஒரு மனுஷியின் ரத்தத்தை அவர் உடம்புக்குத் திருப்பி அனுப்ப அவ்வளவு கொஞ்சம் பலம்தான் வேண்டியிருந்தது என்பதை என்னால் இன்றுவரை முழுதாக நம்ப முடியவில்லை. ஆனால் எழுத உட்காரும் ஒவ்வொரு முறையும், என் மூளைக்கு முன்பே என் வலது கைக்கு அது ஞாபகம் வந்துவிடுகிறது.